புது செயின் போட்டும் கோணலாக இறங்கும் மெஷின்: கூர் தீட்டும் பயிற்சி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

மரம் வெட்டும் குழுக்களுக்கு செயின்சா பராமரிப்பு கற்றுக்கொடுக்கும் இடத்தில் அடிக்கடி காதில் விழும் புகார் இது: "புது செயின் மாட்டியாச்சு, அப்பவும் கோணலாத்தான் இறங்குது." மெஷினை நேராகத்தான் பிடிக்கிறார்கள். ஆனால் பாதி மரம் தாண்டியதும் பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட இரும்புத் தட்டு) ஒரு பக்கமாக வளைந்து ஓடுகிறது, சிக்கிக்கொள்கிறது, புகை வருகிறது. செயின் கம்பெனி சரியில்லை என்று முடிவு கட்டி வேறு செயின் வாங்குகிறார்கள். அதுவும் இரண்டு நாளில் கோணல்.

இந்த ஒரு புகாரை மட்டும் எடுத்து அதன் வேர் வரை போவதுதான் இந்த ஆய்வு. கூர் தீட்டுவதில் ஒருவர் செய்யக்கூடிய தவறுகள் அனேகமாக எல்லாம் இந்த ஒரு கோணல் வெட்டுக்குள் இருக்கின்றன. இதைப் புரிந்துகொண்டவருக்கு மற்ற பராமரிப்பெல்லாம் சுலபமாக ஏறுகிறது.

பேச வசதியாக ஒரு மெஷினை முன்னால் வைத்துக்கொள்வோம். 50 சி.சி., 18 அங்குல பார், .325 பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு, அங்குலத்தில்), காடியின் (பாரின் விளிம்பில் செயின் ஓடும் பள்ளம்) அகலம் 1.5 மி.மீ., செயினில் 72 டிரைவ் லிங்க் (காடிக்குள் இறங்கி ஓடும் கண்ணி). இரண்டு டிரைவ் லிங்க்குக்கு ஒரு பல் என்பதால் வெட்டும் பற்கள் 36; இடப்பக்கம் 18, வலப்பக்கம் 18.

மேசையில் என்ன தெரிகிறது

முதலில் மெஷினைத் தொடுவதில்லை. அது தள்ளிய தூளைக் கையில் எடுத்துப் பார்க்கிறோம். கூரான செயின் சீவல் தள்ளும். விரலில் எடுத்தால் தட்டையாக, கனமாக, ஓரம் தெளிவாக இருக்கும். மழுங்கிய செயின் மாவு தள்ளும். கோணலாக அறுக்கும் மெஷினில் இரண்டும் கலந்து கிடக்கும், ஏனென்றால் பாதிப் பற்கள் வெட்டுகின்றன, பாதி தேய்த்துக்கொண்டு போகின்றன.

அடுத்து வெர்னியர் காலிப்பர். ஒவ்வொரு பல்லின் மேல்தட்டு (பல்லின் மேற்பக்கத் தட்டையான பகுதி) நீளத்தையும் அளந்து, இடப்பக்கம் ஒரு வரிசை, வலப்பக்கம் ஒரு வரிசை என்று எழுதவேண்டும். இப்படிப்பட்ட மெஷினில் ஒரு பக்கம் 7 மி.மீ. அளவிலும் மறுபக்கம் 5.5 மி.மீ. அளவிலும் நிற்கும். எழுதிய எண்களை வரிசையாகப் பார்க்கும்போதே மெஷின்காரருக்கு விஷயம் புரிந்துவிடும். வாயால் எத்தனை முறை சொன்னாலும் வராத தெளிவு அந்தக் காகிதத்தில் வருகிறது. அதனால் அளப்பதை அவர் கையாலேயே செய்ய வைக்கவேண்டும். சொல்லித்தருபவர் அளந்து சொல்லக்கூடாது.

நீளமான அல்லது அதிகம் கூரான பற்கள் உள்ள பக்கம் அதிக மரத்தை எடுக்கும். அந்தப் பக்கம் பாதை திறந்துகொண்டே போக, பார் அங்கேயே சாயும். இடப்பக்கப் பற்கள் பலமாக இருந்தால் வெட்டு இடப்பக்கம் ஓடும்.

பற்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி ஏன் இருக்கின்றன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இன்று நாம் பயன்படுத்தும் செயினின் பல் வடிவம் ஜோ காக்ஸ் என்ற அமெரிக்க மரம்வெட்டி கண்டுபிடித்தது. ஓரிகன் மாநிலக் காட்டில் ஒரு வண்டுப் புழு கெட்டி மரத்தை இடமும் வலமுமாகக் கடித்துக்கொண்டு நேராக முன்னேறுவதைக் கவனித்தார். அந்தத் தாடை வடிவத்தையே இரும்பில் செய்து 1947-ல் செயினாகக் கொண்டுவந்தார். இரண்டு தாடையும் சமமாக இருக்கும்வரைதான் புழு நேராகப் போகும். பயிற்சியில் இந்த ஒரு படத்தை மனதில் பதிய வைத்துவிட்டால், "இரண்டு பக்கமும் சமம்" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டிய தேவை குறையும்.

பற்கள் ஏன் சமமில்லாமல் போயின

மெஷின்காரர் சோம்பேறி என்பதல்ல காரணம். வலது கைக்காரர் ஒருவர் ஒரே இடத்தில் நின்று அரம் போட்டால், ஒரு பக்கப் பற்களுக்குக் கை இயல்பாகப் போகும். மறுபக்கத்துக்கு மணிக்கட்டைத் திருப்பவேண்டும். திருப்பிய கையில் பலம் குறைவு, கோணமும் மாறும். இயல்பான பக்கத்தில் 30 பாகை இருந்தால் திருப்பிய பக்கத்தில் அது 20 பாகைக்கு விழுந்திருக்கும். அழுத்தம் குறைந்த பக்கத்தில் பல் நீளமாகவே நிற்கும், ஆனால் கூர் ஏறியிருக்காது. அழுத்தம் அதிகமான பக்கம் சீக்கிரம் குட்டையாகும். ஒரு நாளில் இது தெரியாது. பத்து முறை தீட்டிய பிறகு 1 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் வந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம். வெட்டு வளைவதை உணர்ந்தவர் பிடியை எதிர்ப்பக்கம் நெம்பி நேராக்கப் பார்ப்பார். நெம்பும்போது செயின் காடியின் ஒரு ஓரத்தை மட்டும் அழுத்தி ஓடும். காடியின் இருபுறமும் உள்ள பாரின் இரண்டு விளிம்புகளில் ஒன்று தேய்ந்து தாழும், காடியும் அகலும். இனி எவ்வளவு நல்ல செயினைப் போட்டாலும் அது காடிக்குள் சாய்ந்துதான் நிற்கும். புது செயினும் கோணலாக இறங்கியதற்குக் காரணம் இதுதான். தப்பு கையில் தொடங்கி, செயினுக்குப் போய், பாரில் போய் உட்கார்ந்துவிட்டது. செயினை மட்டும் மாற்றினால் பாரில் இருக்கும் தப்பு அப்படியே இருக்கும்.

பாரைச் சோதிக்க இரண்டு வழி. செயினைக் கழற்றி, பாரை அதன் விளிம்புகளில் ஒரு சமமான இரும்புத் தட்டின் மேல் நிறுத்தி, பக்கத்தில் மூலைமட்டம் வைக்கவேண்டும். பார் சாய்ந்தால் விளிம்பு ஒன்று தாழ்ந்திருக்கிறது. இரண்டாவது, செயின் மாட்டிய நிலையில் ஒரு நேரான ஸ்கேலைப் பல்லின் பக்கவாட்டிலும் பாரின் பக்கவாட்டிலும் சேர்த்து வைப்பது. பல் பாரைவிட வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் ஸ்கேலுக்கும் பாருக்கும் நடுவில் இடைவெளி இருக்கவேண்டும். செயின் சாய்ந்து இடைவெளி இல்லாமல் போனால் காடி அகன்றுவிட்டது. விளிம்பு ஏற்றத்தாழ்வை தட்டை அரத்தால், சரியாக 90 பாகையில் பிடிக்கும் சட்டத்தோடு, சமமாக்கலாம். காடி அகன்ற பாரை மாற்றத்தான் வேண்டும். காடியின் ஆழமும் பார்க்கவேண்டும்: .325 பிட்ச்சுக்கு 6 மி.மீ.-க்குக் குறைந்தால் டிரைவ் லிங்க்கின் நுனி அடியில் உரசும், செயின் விளிம்பில் அமராமல் மேலே மிதக்கும்.

கற்றுக்கொடுக்கும் வரிசை

பெரும்பாலான பயிற்சிகள் அரத்தைக் கையில் கொடுத்துத் தொடங்குகின்றன. அது தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து. மழுங்கல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரியாதவருக்கு, எப்போது நிறுத்தவேண்டும் என்றும் தெரியாது. மூன்று தேய்ப்பு என்று சொல்லிக்கொடுத்தால் அவர் மூன்று தேய்த்துவிட்டு அடுத்த பல்லுக்குப் போவார். பல் கூரானதா என்று பார்க்கமாட்டார்.

அதனால் முதல் ஒரு மணி நேரம் அரமே கிடையாது. ஆளுக்கு ஒரு பழைய செயின், ஒரு மார்க்கர் பேனா, முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடி. வெயிலில் நின்று வெட்டும் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து மெதுவாகத் திருப்பச் சொல்கிறோம். கூரான முனை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது, கோடே தெரியாது. மழுங்கிய முனையில் மெல்லிய வெள்ளிக்கோடு மின்னும். கல்லில் பட்ட பல்லில் அந்தக் கோடு மூலையில் தடித்து, சில இடத்தில் முக்கோணமாக இருக்கும்.

மூலைதான் உயிர். மேல்தட்டும் பக்கத்தட்டும் சேரும் அந்த ஒரு புள்ளிதான் மரத்தின் நாரை முதலில் அறுக்கிறது. பல்லின் வெளிப்புறம் முழுக்க மெல்லிய குரோம் பூச்சு இருக்கிறது. உள்ளே இருக்கும் இரும்பு சற்று மென்மையானது, மேலே குரோம் கெட்டி. கூர் என்பது உண்மையில் இந்தக் குரோம் விளிம்புதான். மண்ணிலோ கல்லிலோ பட்டால் மூலையில் குரோம் உரிந்துபோகும். உரிந்த இடத்தைத் தாண்டி நல்ல குரோம் வரும்வரை அரம் போடாவிட்டால், பார்க்கக் கூராக இருக்கும், நாலு வெட்டில் மறுபடி மழுங்கிவிடும். "தீட்டினேன், நிக்க மாட்டேங்குது" என்ற புகாரில் பெரும்பகுதி இதுதான். ஒவ்வொருவரும் தன் செயினில் குரோம் உரிந்த பற்களைப் பேனாவால் குறித்து, பக்கத்தில் இருப்பவரிடம் காட்டி ஒத்துக்கொள்ள வைத்த பிறகே அடுத்த கட்டம்.

பிறகு அரம். எங்கள் மெஷினின் .325 பிட்ச் செயினுக்கு 4.8 மி.மீ. வட்ட அரம். 3/8 சிறுவகை செயினுக்கு 4 மி.மீ., சாதாரண 3/8-க்கு தயாரிப்பாளரைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மி.மீ., .404-க்கு 5.5 மி.மீ. பிட்ச் தெரியாவிட்டால் அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் மையத்துக்கு மையம் அளந்து இரண்டால் வகுத்தால் போதும். அளவு தவறிய அரத்தால் எவ்வளவு நன்றாகத் தேய்த்தாலும் பல் கெடும்: சிறிய அரம் கீழே இறங்கி முனையைக் கொக்கியாக்கும், அது கடித்து இழுக்கும், சீக்கிரம் உடையும். பெரிய அரம் மேலே ஏறி முனையைப் பின்னால் சாய்த்துவிடும், அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் பல் மரத்தில் இறங்காது. சரியாக அமர்ந்த அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு மேல்தட்டுக்கு மேலே தெரியும்.

மெஷினை நிறுத்தி, பிளக் தொப்பியைக் கழற்றி, பேட்டரி மெஷினாக இருந்தால் பேட்டரியை எடுத்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும். பாரை வைஸில் இறுக்கி, காட்டில் என்றால் அடிக்கட்டையில் அடித்து நிறுத்தும் சின்ன வைஸில் பிடித்து, செயினை வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாக்கி, பிரேக்கைப் போட்டால் பல் ஆடாது. ஆடும் பல்லில் கோணம் நிற்காது. கையுறை கட்டாயம். அரத்துக்குப் பிடியும் கட்டாயம்; பிடி இல்லாத அரத்தின் வால் உள்ளங்கையில் ஏறும்.

தொடங்கும் பல்லைப் பேனாவால் குறித்துக்கொண்டு, பாரின் நடுப்பகுதியில் வரும் பற்களை மட்டும் தேய்த்து, பிறகு பிரேக்கை எடுத்துச் செயினை முன்னால் இழுத்து அடுத்தவற்றைக் கொண்டுவரவேண்டும். அரம் எப்போதும் பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் தள்ளப்படும். வெளியிலிருந்து உள்ளே போட்டால் கெட்டிக் குரோமில் அரத்தின் பல் முதலில் மோதி மழுங்கும். தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது தூக்கிக்கொண்டு வரவேண்டும். இழுத்துத் தேய்ப்பவரின் அரம் சீக்கிரமே சாகும். அழுத்தம் சற்றுப் பின்பக்கமாகவும் மேல்நோக்கியும் இருக்கவேண்டும், கீழே அமுக்கக்கூடாது. மேல்தட்டுக் கோணம் பெரும்பாலான செயினுக்கு 30 பாகை, சிலவற்றுக்கு 25. சில செயின்களில் அரத்தைப் பத்து பாகை சாய்த்துப் பிடிக்கச் சொல்லியிருப்பார்கள். பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஒரு பக்கப் பற்கள் எல்லாம் முடிந்ததும், இங்கேதான் கோணல் வெட்டின் மருந்து இருக்கிறது: மணிக்கட்டைத் திருப்பாமல், ஆள் நடந்து வைஸின் மறுபக்கம் போய் நிற்கவேண்டும். அல்லது வைஸைத் தளர்த்தி மெஷினையே திருப்பவேண்டும். உடல் மாறினால் கை மாறவேண்டியதில்லை. பயிற்சியில் ஒவ்வொரு முறையும் இதைக் கண்காணிக்கவேண்டும், ஏனென்றால் அவசரத்தில் எல்லோரும் பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

தினசரி தீட்டலுக்குப் பல்லுக்கு 2 அல்லது 3 தேய்ப்பு. 36 பற்களுக்கு மூன்று வீதம் 108 தேய்ப்பு; பழகிய கைக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. ஒரு டேங்க் பெட்ரோல் முடியும் ஒவ்வொரு முறையும் செயினைப் பார்ப்பது, மழுங்கல் தெரிந்தால் அப்போதே தீட்டுவது, இந்தப் பழக்கம் வந்துவிட்டால் மெஷினும் ஆளும் களைப்பது குறைவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். முழுதாக மழுங்கும்வரை ஓட்டுபவருக்குத்தான் பல்லுக்குப் பத்து, பதினைந்து தேய்ப்பு வேண்டியிருக்கும்.

எங்கள் மெஷினுக்கு இது போதாது. ஒரு பக்கம் 1.5 மி.மீ. அதிகம். எல்லாப் பற்களும் மிகக் குட்டையான பல்லின் அளவுக்கு வரவேண்டும். இவ்வளவு வித்தியாசத்தை அரத்தால் எடுப்பது பெரும்பாடு. நிறுத்தக் கட்டை உள்ள மேசை கிரைண்டரில் தொட்டுத் தொட்டு எடுப்பதே நல்லது. ஒரே அழுத்தில் எடுத்தால் முனை நீலமாகும். நீலம் என்றால் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடம் சில சமயம் அரமே ஏறாத அளவுக்குக் கெட்டியாகி, வெட்டும்போது நொறுங்கும். கிரைண்டரில் சமமாக்கிய பிறகு கடைசி இரண்டு தேய்ப்பு கையால் போடுவதையே பரிந்துரைக்கிறோம். மேல்தட்டு 3 அல்லது 4 மி.மீ.-க்குக் குறைந்தால், அல்லது பல்லின் பின்புறம் உள்ள குறிக்கோட்டை எட்டினால், செயினுக்கு விடைகொடுக்கவேண்டும்.

முன் மேடு

பல்லுக்கு முன்னால் நிற்கும் சின்ன மேடு, டெப்த் கேஜ் என்பது, பல் எவ்வளவு ஆழம் கடிக்கவேண்டும் என்று முடிவு செய்கிறது. பல்லின் மேல்தட்டு பின்னோக்கித் தாழ்ந்து போவதால், தீட்டத் தீட்ட முனை தாழும். மேடு மட்டும் அதே உயரத்தில் நிற்கும். அப்போது செயின் ரொம்பக் கூராக இருந்தும் கடிக்காது. அரம் நன்றாகப் போட்டும் மெஷின் தூள்தான் தள்ளுகிறது என்றால் இதைப் பார்க்கவேண்டும்.

மூன்று முதல் ஐந்து தீட்டலுக்கு ஒருமுறை கேஜ் தகட்டை (மேட்டின் உயரம் பார்க்கும் துளையுள்ள அளவுத் தகடு) செயின் மேல் வைத்து, துளையின் வழியே நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டைத் தட்டை அரத்தால் சமமாக்கவேண்டும். எங்கள் செயினுக்கு முனையைவிட மேடு 0.65 மி.மீ. தாழ்ந்திருக்கவேண்டும்; .404-க்கு 0.8 மி.மீ. சமமாக்கியதும் மேட்டின் முன் மூலையை மறுபடி உருட்டிவிடவேண்டும்.

இங்கே ஆபத்து இருக்கிறது. வேகமாக அறுக்கவேண்டும் என்ற ஆசையில் கண்மதிப்பாக மேட்டை அதிகம் எடுத்துவிடுகிறார்கள். மெஷின் கடித்து இழுக்கும், அதிரும், கிளட்ச் சூடாகும், பாரின் நுனி மேல்பகுதி மரத்தில் பட்டால் கிக்பேக் (பார் திடீரென்று ஆளை நோக்கி எகிறுவது) பல மடங்கு மூர்க்கமாக வரும். கேஜ் தகடு இல்லாமல் முன் மேட்டில் அரம் வைக்கக்கூடாது என்பதைப் பயிற்சியில் விட்டுக்கொடுக்காத விதியாக வைத்திருக்கவேண்டும். வேறு எந்தத் தவறையும் திருத்திக்கொள்ளலாம், இது ஆளை அடிக்கும்.

பாரும் எண்ணெயும் மற்றவையும்

ஒவ்வொரு தீட்டலிலும் பாரைக் கழற்றிக் காடியில் அடைந்த தூளைக் கொக்கியால் சுரண்டி, எண்ணெய்த் துளையைக் குத்திவிட்டு, விளிம்பில் எழும்பிய பிசிரைத் தட்டை அரத்தால் எடுத்து, பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டவேண்டும். திருப்பி மாட்டாத பாரின் கீழ் விளிம்பு மட்டும் தேயும். ஸ்ப்ராக்கெட்டில் (செயினைச் சுழற்றும் பற்சக்கரம்) அரை மில்லிமீட்டர் பள்ளம் விழுந்துவிட்டால் புது செயினையும் அது தின்றுவிடும். இரண்டு செயின் தேயும்போது ஒரு ஸ்ப்ராக்கெட் மாற்றுவது வழக்கமான கணக்கு.

செயின் இறுக்கம் குளிர்ந்த நிலையில்: பார் நுனியைக் கையால் தூக்கிப் பிடித்தபடி திருகவேண்டும், தூக்கியபடியே நட்டையும் முறுக்கவேண்டும். செயின் பாரின் அடியில் தொங்காமல் ஒட்டி நிற்கவேண்டும், பிரேக்கை எடுத்தால் கையுறைக் கையால் சுலபமாக ஓடவும் வேண்டும். வேலை செய்து சூடானபோது இறுக்கிய செயினை அப்படியே விட்டுப் போனால் குளிரும்போது சுருங்கி கிராங்க் தண்டையும் பேரிங்கையும் இழுக்கும். மாலையில் தளர்த்திவிட்டுப் போகவேண்டும்.

எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, பார் நுனியை வெளிர் நிறக் கட்டைக்கு 20 செ.மீ. மேலே பிடித்து முக்கால் ஆக்சிலேட்டரில் ஓட்டினால் ஒரு நிமிடத்துக்குள் எண்ணெய்க் கோடு விழவேண்டும். கழிவு இஞ்சின் ஆயில் ஊற்றுவது பரவலாக இருக்கிறது. அது செயினில் ஒட்டி நிற்காமல் தெறித்துப் போகும். அதில் இருக்கும் உலோகத்தூள் பம்பைத் தேய்க்கும். தோலுக்கும் மூச்சுக்கும் கெடுதல். கட்டாயம் நிறுத்தவேண்டிய பழக்கம்.

ஏர் ஃபில்டரைக் கழற்றும் முன் சோக்கை மூடினால் தூள் கார்புரேட்டருக்குள் விழாது. ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.5 மி.மீ. பெட்ரோல் கலவை 50-க்கு 1 என்று புத்தகத்தில் இருந்தால் 5 லிட்டருக்கு 100 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில்; ஒரு மாதத்துக்கு மேல் வைத்த கலவை வேண்டாம். ஐடிலிங்கில் செயின் ஓடக்கூடாது. ஓடினால் ஐடில் திருகைக் குறைக்கவேண்டும். அப்பவும் ஓடினால் கிளட்ச் ஸ்பிரிங்கைப் பார்க்கவேண்டும். காலையில் முதல் வேலை செயின் பிரேக் சோதனை: தரையில் வைத்து ஓட்டி, முன் பிடிக்கு முன்னால் உள்ள காப்பைத் தள்ளினால் செயின் அந்தக் கணமே நிற்கவேண்டும். நிற்காத மெஷினை அன்று எடுக்கக்கூடாது.

பார்த்து முடிவு செய்தல்

பயிற்சி முடிவில் 20 முதல் 25 செ.மீ. விட்டமுள்ள ஒரு கட்டையை அறுப்புக் குதிரையில் (கட்டையைத் தாங்கும் மரச்சட்டம்) கட்டி ஒவ்வொருவரும் தான் தீட்டிய மெஷினால் ஒரு வட்டு அறுக்கவேண்டும். அழுத்தம் கிடையாது, மெஷினின் எடையில் பார் தானாக இறங்கவேண்டும். வெட்டிய முகத்தில் ஸ்கேலைக் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் வளைவு இருந்தால் உடனே தெரியும். கீழே விழுந்ததையும் ஒரு கைப்பிடி எடுத்து மேசையில் வைக்கச் சொல்கிறோம், எல்லாருடையதும் வரிசையாக. யாருடையது சீவல், யாருடையது மாவு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது சோதனை கொஞ்சம் கடினம். நன்றாகத் தீட்டிய செயினில் ஒரே ஒரு பல்லின் மூலையை வேண்டுமென்றே மழுக்கி, ஒரு முன் மேட்டை மட்டும் உயரமாக விட்டுவிட்டுக் கொடுக்கவேண்டும். கண்ணாலும் கேஜாலும் இரண்டையும் கண்டுபிடித்தால் அவர் தனியாக வேலை செய்யத் தயார். அரம் போடும் கை சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, அது பழகப் பழக வந்துவிடும்.

ஒரு மாதம் கழித்து அதே செயினை மறுபடி அளக்கவேண்டும். இரண்டு பக்கமும் 0.3 மி.மீ.-க்குள் இருந்தால் பழக்கம் பிடித்துவிட்டது. மறுபடி ஒரு பக்கம் நீண்டிருந்தால், எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கத்தில் தீட்டத் தொடங்கச் சொல்லவேண்டும். கை களைக்காத முதல் பதினெட்டுப் பற்களில் அழுத்தமும் கோணமும் சரியாக நிற்கும். வழக்கத்தில் அவர் அந்தப் பக்கத்தைக் கடைசியில், கை ஓய்ந்த நேரத்தில் தீட்டிக்கொண்டிருந்திருப்பார்.